மரத்தை அப்புறம் பார்க்கலாம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே எழுத முடியாமல் போனதற்குக் கட்டைவிரல்தான் காரணம். வில்லின் ஓரத்தைக் கையுறை இல்லாமல் தடவிப் பார்த்தேன், ஃபைபர்கிளாஸ் சிலாம்பு ஒன்று ஏறிவிட்டது. கண்ணுக்கே தெரியாது, ஆனால் பேனா பிடித்தால் உயிர் போகும். இப்போது பரவாயில்லை.

நீயும் வில் செய்யப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு ஒரே குஷி. ஆனால் நீ எழுதியிருந்த பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மரம் மட்டும் ஏழு வகை. ஃபைபர்கிளாஸையும் மரத்தையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் வில்லுக்குப் பசை என்று ஒரு வார்த்தை கூட இல்லை!

வில்லை இழுக்கும்போது முன்பக்கம் நீள்கிறது, உன்னைப் பார்த்த பக்கம் நெரிகிறது, நடுவில் இருப்பதற்கு அவ்வளவு வேலை இல்லை. இரண்டு வெளிப்பக்கமும் ஃபைபர்கிளாஸ் என்பதால் பாரத்தில் பெரும்பகுதி அதன் தலையில்தான். நடுவில் இருக்கும் மரம் அந்த இரண்டையும் விலக்கிப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பார்த்துக்கொள்கிறது. இதற்கு நேர் இழை ஓடும் மேப்பிளோ மூங்கிலோ தாராளம். ஆகவே காசை ஃபைபர்கிளாஸிலும் பசையிலும் போடு.

படகுக்கு ஒட்டும் ஃபைபர்கிளாஸ் துணியை மட்டும் வாங்கிவிடாதே. அதில் பாதி இழை குறுக்கே ஓடும், வில்லுக்கு அதனால் பயனில்லை. இழை எல்லாம் நீளவாக்கில் ஓடும், வில்லுக்கென்றே வரும் பட்டை வேண்டும், சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனில். முதல் வில்லுக்குக் கறுப்பே போதும். நிறமில்லாத பட்டை அடியிலுள்ள மரத்தைக் காட்டும், கூடவே நீ விட்ட குமிழி ஒவ்வொன்றையும் காட்டும்.

நடுப்பட்டைகள், அதாவது நடுவில் வரும் மரத் தகடுகள், நுனியை நோக்கி மெலிய வேண்டும், மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் கணக்கில். இழைப்புளியால் வராது, தேய்த்துத் தயாராக விற்பதையே வாங்கு. வந்ததும் இரண்டு பட்டைகளைச் சேர்த்துப் பிடித்து விளக்குக்கு எதிரே பார். நூல் அளவு வெளிச்சம் தெரிந்தாலும் ஒட்டாதே. தடிமனில் விளையாடாதே. மொத்த அடுக்கு பத்தில் ஒரு பங்கு தடித்தால், முழுக்க இழுக்க 40 பவுண்டு பலம் கேட்கும் வில் 53 பவுண்டாகிவிடும். அகலம் அப்படி இல்லை, கூடும் அளவுக்குத்தான் பலமும் கூடும். கொஞ்சம் பலமாகவே செய்துவிட்டு ஓரத்தைத் தேய்த்துக் குறைத்துக்கொள்.

பசை எபாக்சிதான், அதிலும் மெதுவாக இறுகுவது. ஐந்து நிமிட வகை வேண்டவே வேண்டாம், எல்லாப் பட்டையிலும் தடவி, வில்லின் வளைவைத் தரும் அச்சில் ஏற்றுவதற்குள் கல்லாகிவிடும். என் முதல் வில்லில் பசை நல்லதுதான், நான்தான் கெடுத்தேன். இறுக்கினால் நல்லது என்று நினைத்துக் கிளாம்பை எல்லாம் பலம்கொண்ட மட்டும் திருகினேன். பசை முழுக்க வெளியே வழிந்துவிட்டது. மூன்றாவது தடவை இழுத்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். கைப்பிடி மெலிந்து முடியும் இடத்தில் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அவ்வளவுதான், வில் போச்சு.

சரி, உன் அழகு மரங்களைக் கைப்பிடியில் வைத்துக்கொள், அங்கே என்ன ஆசையும் படலாம். ரோஸ்வுட் என்றால் எண்ணெய்த்தன்மை உள்ள மரம், ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோனால் துடைத்துவிடு. கைப்பிடியின் இரண்டு முனையும் காகிதம் போல மெலிந்து பட்டையோடு கலக்க வேண்டும். அதனால் பிசிறு பிசிறாகப் பெயரும் மரம் ஆகாது.

நாணுக்கு டாக்ரான் என்ற பாலியெஸ்டர் நூல் போதும். கொஞ்சம் நீண்டு கொடுக்கும், வில்லின் நுனி தப்பும். தேய்க்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள். ஃபைபர்கிளாஸ் தூள் நுரையீரலுக்கு ஆகாது, சருமத்தில் பட்டால் இரவெல்லாம் சொறிய வைக்கும்.

எத்தனை பவுண்டு, உன் இழுவை நீளம், அதாவது நாணை நீ இழுக்கும் தூரம், எவ்வளவு என்று எழுது. பட்டைத் தடிமனைச் சேர்ந்தே கணக்குப் போடலாம். அதுவரை எதற்கும் காசு கட்டாதே. அப்புறம், அந்தத் தோள்வலி எப்படி இருக்கிறது? அது சரியாகவில்லை என்றால் 35 பவுண்டுக்கு மேல் யோசிக்காதே.

அன்புடன்,
உன் நண்பன்