பத்தொன்பது வேஷம்

கன்னங்குறிச்சி, சேலம்
தை 5

அன்புள்ள வசந்தி,

உன் பொங்கல் அட்டை வந்தது. இந்தக் காலத்திலும் அட்டை வாங்கி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிற ஒரே ஆள் நீதான். பதில் போடாததற்கும், தீபாவளிக்கு நீ மூன்று முறை கூப்பிட்டு நான் எடுக்காததற்கும் காரணம் ஒன்றே. கால் ஒடிந்து கிடந்தேன். பதறாதே. இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் போகிறேன், அங்கே என் வீட்டுக்காரர் அம்பயர் வைக்கும் ரசத்தைக் குறை சொல்கிறேன். அந்த அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஐப்பசி முதல் வாரம் ஏற்காட்டுக்குப் போயிருந்தோம், நாகலூரில் சின்ன மாமனார் வீட்டுக்கு. வீட்டுக்குப் பின்னால் காபிச் செடிகளுக்கு நடுவே பாசி பிடித்த கல்படி. "பார்த்து வாங்க, வழுக்கும்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே முன்னால் போனது நான்தான். இடது கணுக்காலில் இரண்டு எலும்பு. கையிலிருந்த ஃபோன் பறந்து தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விட்டது. பெரிய அடி காலுக்கு இல்லை, ஃபோனுக்குத்தான் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவையும் காரின் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு வளைவுப் பலகையாக இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். கணக்கு வாத்தியாருக்கு வலி வந்தாலும் எண்ணத்தான் தோன்றும்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன், பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். இன்ஷூரன்ஸ் அனுமதி வர மறுநாள் ஆகும், அதுவரைக்கும் ஒன்றரை லட்சம் கட்டுங்கள் என்றார்கள். அம்பயர் கணக்கில் முப்பத்தெட்டாயிரம். என் கணக்கில் பதினோராயிரம். சேமிப்புக் கணக்கில் பணம் தூங்கக்கூடாது என்பது என் கொள்கையாயிற்றே, எத்தனை பேரைப் பிடித்து உட்காரவைத்துப் பாடம் எடுத்திருப்பேன். அவர் ஸ்ட்ரெச்சர் மேல் குனிந்து, "கற்பகம், பணம் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

"லிக்விட் ஃபண்டில்" என்றேன்.

"அது எந்த பேங்க்?" என்றார்.

பதினெட்டு வருஷமாக நான் இந்த வீட்டின் நிதியமைச்சர். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் ஒரு நாளும் சொன்னதில்லை. லிக்விட் ஃபண்டு பேங்க் இல்லை, பணத்தைக் குறுகிய காலக் கடனில் போட்டு வைக்கும் மியூச்சுவல் ஃபண்டு; அதில் ஐம்பதாயிரம் வரைக்கும் அன்றைக்கே வங்கிக்கு வந்துவிடும், மீதி அடுத்த வேலை நாளில் வரும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் ஓடிபி போகும் சிம் நாகலூர்த் தொட்டியில் கிடக்கிறது. பாஸ்வேர்ட் என் தலைக்குள் இருக்கிறது, தலைக்குள் ஊசி மருந்து இருக்கிறது.

கடைசியில் யார் வந்தது தெரியுமா? என் நாத்தனார். சீட்டுப் பணத்தைப் பீரோவில் வைத்திருக்கிறாள், நகையும் எஃப்.டி.யும்தான் சேமிப்பு என்கிறாள், பணவீக்கம் என்றால் என்னவென்று தெரியவில்லை என்று உன்னிடமே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்! அவள் மஞ்சப்பையில் இரண்டு லட்சத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து கவுண்ட்டரில் எண்ணி வைத்தாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை. இன்றைக்கும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொடுத்துவிட்டு, சிரித்துவிட்டுப் போகிறாள்.

சரி, கடிதம் எழுத வந்த விஷயம் இதற்கு அப்புறம்தான்.

ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். படுத்துக்கொண்டே என் மியூச்சுவல் ஃபண்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவிடுவது என்று ஆரம்பித்தேன். ஒரு மத்தியான வேலை என்று நினைத்தேன். கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டும்தான் பெரும்பாலான ஃபண்டு கம்பெனிகளுக்குக் கணக்குப்பிள்ளைகள், உனக்குத் தெரியும். அவர்கள் தளத்தில் பான் எண்ணும் ஈமெயிலும் கொடுத்தால் எல்லாக் கம்பெனியும் சேர்ந்த ஒரே அறிக்கை மெயிலுக்கு வந்துவிடும். வந்தது. பன்னிரண்டு ஃபண்டு. இவ்வளவுதானா, பரவாயில்லையே என்று நிம்மதியாக ஒரு காபி குடித்தேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த ஈமெயில் பதிவான ஃபோலியோ, அதாவது ஃபண்டுக் கணக்கு, மட்டும்தான் அதில் வரும். பெண் காலேஜில் சேர்ந்தபோது எனக்கென்று ஆரம்பித்துக்கொடுத்த பழைய ஈமெயில் ஒன்று இருந்தது. அதைப் போட்டால் இன்னும் ஏழு.

பத்தொன்பது ஃபண்டு, வசந்தி. ஒரே கம்பெனியில் மூன்று ஃபோலியோ, வீடு மாறிய மூன்று முறையும் புதிதாக ஃபாரம் நிரப்பியிருக்கிறேன். ஒன்றில் நாமினி எங்கள் அப்பா. அப்பா போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை நோட்டை இப்படி வைத்திருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன்.

இதில் ஆறு வரி சேமிப்பு ஃபண்டு. எப்படி ஆறு என்கிறாயா? ஒவ்வொரு பிப்ரவரியும் ஸ்டாஃப் ரூமில் வரிச் சலுகைக்காக எதிலாவது பணம் போடும் 80சி ஜுரம் வருமே, அப்போது அந்த வருஷம் யார் எதைப் புகழ்ந்தார்களோ அது. மூன்று வருஷப் பூட்டு எல்லாவற்றுக்கும் எப்போதோ திறந்துவிட்டது, நான்தான் திறந்து பார்க்கவில்லை. இரண்டு, புதிதாக வந்த ஃபண்டு, "பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது மேடம்" என்று சொல்லி விற்றது. அதை வாங்கியது கணக்கு டீச்சர்! பத்தாயிரம் ரூபாய்க்கு என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட் விலை, 10 என்றால் 1,000 யூனிட், 500 என்றால் 20 யூனிட். பத்து சதவீதம் ஏறினால் இரண்டும் 11,000தான். எட்டாம் வகுப்புக் கணக்கு. மலிவு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எட்டாம் வகுப்பு மறந்துவிடுகிறது.

ஆனால் என்னை உட்காரவைத்தது பெரிய கம்பெனிப் பங்குகளை வாங்கும் அந்த ஐந்து லார்ஜ் கேப் ஃபண்டுதான். ஐந்தின் உள்ளேயும் என்ன இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஐந்திலும் எச்.டி.எஃப்.சி. வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, ரிலையன்ஸ், இன்ஃபோசிஸ். 2017 அக்டோபரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதி போட்டது: சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிதான் லார்ஜ் கேப், அந்த ஃபண்டின் பணத்தில் 80 சதவீதமாவது அதில் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஐந்து பேரும் ஒரே கூடைக்குள்தானே கையை விட முடியும்? சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவுக்குச் சாமி வேஷம் போட்டு வண்டி வண்டியாக வருவார்களே, அந்த வண்டி வேடிக்கைக்கு என்னோடு வந்து நின்றாயே, நினைவிருக்கிறதா? முதல் வண்டியில் முருகனாக வந்தவரை நான்காவது வண்டியில் சிவனாகக் கண்டுபிடித்து, "இவர் நம்ம இட்லிக்கடைக்காரர்தானே" என்று நீ கத்தி, சிவபெருமான் திரும்பிப் பார்த்தாரே. என் பத்தொன்பது ஃபண்டும் அப்படித்தான். வண்டி வேறு, வேஷம் வேறு, உள்ளே அதே இட்லிக்கடைக்காரர். பிரித்துப் போட்டிருக்கிறேன், பத்திரமாக இருக்கிறேன் என்று இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. 2013 ஜனவரி 1 முதல் ஏஜெண்ட் இல்லாமல் நேரே வாங்கும் டைரக்ட் பிளான் வந்தது. நான் மாறியதாகத்தான் நினைத்திருந்தேன். பார்த்தால் பதினொன்று இன்னும் ரெகுலர், ஏஜெண்ட் கமிஷன் அதன் செலவுக்குள்ளேயே கழிகிறது. ஒரு சதவீதம்தானே என்பாய். சும்மா கணக்குக்காக வைத்துக்கொள்: ஒரு லட்சம், 20 வருஷம், 12 சதவீதத்தில் ஏறத்தாழ 9,64,000. 11 சதவீதத்தில் 8,06,000. போட்டதை விட அதிகம் வித்தியாசம்.

ஆனால் முன்பு மாதிரி நான் இப்போது ஏஜெண்டுகளைத் திட்டுவதில்லை. யோசித்துப் பார். அன்றைக்கு ராத்திரி அம்பயர் கூப்பிட்டுக் கேட்க ஒரு நல்ல ஏஜெண்ட் இருந்திருந்தால், எந்த ஃபண்டு எங்கே என்றாவது சொல்லியிருப்பார். நான் கமிஷனை மிச்சம் பிடித்தேன், அந்த ஆளின் வேலையை நானும் செய்யவில்லை.

இப்போது குறைத்துக்கொண்டு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப்போட முடியாது, ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றினாலும் வரிக்கு அது விற்ற கணக்குத்தான். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்குச் சந்தை ஃபண்டுக்கு, நிதியாண்டில் 1,25,000 லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம், 2024 ஜூலை 23 முதல். அதனால் இந்த மார்ச் 31க்குள் கொஞ்சம், ஏப்ரல் பிறந்ததும் கொஞ்சம். 2007இல் வாங்கியதற்கு அசல் விலைக்குப் பதிலாக 2018 ஜனவரி 31 விலையை எடுத்துக்கொள்ள முடிகிறது, அதில் நிறைய மிச்சம். இன்றைக்குப் பதினொன்றில் நிற்கிறேன். கடைசியில் ஐந்து போதும்: ஐம்பது பெரிய கம்பெனிப் பட்டியலை அப்படியே பின்பற்றும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஒன்று, எந்த அளவுக் கம்பெனியும் வாங்கும் ஃபிளெக்ஸி கேப் ஒன்று, நடுத்தரக் கம்பெனிகளுக்கு மிட் கேப் ஒன்று, குறுகிய காலக் கடன் ஃபண்டு ஒன்று, லிக்விட் ஒன்று. பாதி பங்கு, பாதி கடன். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது இதையும் ஒரு தடவை பார்த்து, எது கூடியிருக்கிறதோ அதில் எடுத்துக் குறைந்ததில் போடுவேன். மற்ற நாளில் திறக்கவே மாட்டேன். சிரிக்காதே.

அப்புறம் மூன்று லட்சம் இப்போது எங்கள் இருவர் பேரிலும் சேமிப்புக் கணக்கில் தூங்குகிறது. நன்றாகத் தூங்கட்டும்.

வசந்தி, ஒன்று சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொல்ல வாய் வராது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அந்த அறிக்கையில் 2020 ஏப்ரல் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. சின்னக் கம்பெனிப் பங்குகளை வாங்கும் ஸ்மால் கேப் ஃபண்டு, முழுவதும் விற்பனை. மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளி விழுந்ததே, அன்றைக்கு ராத்திரி நீ கூப்பிட்டு, "எல்லாத்தையும் எடுத்துடட்டுமா?" என்று அழுதாய். அந்த ஃபைனான்ஸ் கம்பெனியில் உன் நாற்பதாயிரம் போனபோது அழுத அதே அழுகை. நான் பெரிய மனுஷியாக, "நான் ஒரு ரூபாய்கூட எடுக்கப்போறதில்லை, நீயும் எடுக்காதே" என்றேன். பத்து நாள் கழித்து எடுத்துவிட்டேன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் போட்டிருந்தது, ஒன்று தொண்ணூறுக்கு விற்றேன். டிசம்பர் கடைசியில் சென்செக்ஸ் 47,000 தாண்டியபோது நீ கூப்பிட்டு, "நீ சொன்னதால்தான்டி நான் பிடிச்சேன்" என்றாய். நான் "ம்" என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த வருஷத்துக்கு அப்புறம் உன் ஃபோனை எடுக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு சின்ன முள். நீ ஃபண்டு பற்றிக் கேட்டால் பேரன் பேச்சுக்குத் தாவிவிடுவேன், கவனித்திருப்பாய். திட்டுவதானால் கடிதத்திலேயே திட்டு.

சரி, அம்பயர் பரீட்சை எழுதிய கதையைச் சொல்லி முடிக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஃபோலியோ எண், நாமினி, எந்த வங்கிக்குப் பணம் வரும் என்று போட்டு, சாமி அலமாரியில் வைத்தேன். பாஸ்வேர்டை மட்டும் தனியாக வேறொரு இடத்தில். மார்கழியில் ஒரு நாள் என் புது ஃபோனை அவர் கையில் கொடுத்து, "நான் மயக்கத்தில் இருக்கேன். லிக்விட் ஃபண்டிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டேன். முதல் தடவை ஐந்நூறு ரூபாய் எடுப்பதற்குப் பதிலாக இன்னொரு ஐந்நூறு போட்டுவிட்டார். இரண்டாவது தடவை ஓடிபி வருவதற்குள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் காபி கலக்கப் போனார், வந்து பார்த்தால் நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவது தடவை எடுத்தார். நூற்றுக்கு முப்பத்தைந்து போட்டேன், பாஸ்.

நாத்தனாருக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் இரண்டு லட்சத்தைத் திருப்பிவிட்டேன். எண்ணாமலே பீரோவில் வைத்தாள். போகும்போது, "அண்ணி, அந்த லிக்விட் ஃபண்டுன்னா தண்ணித் தொட்டியில போடறதா?" என்று கேட்டாள். மூன்று மாசம் காத்திருந்து கேட்டிருக்கிறாள்.

நாகலூர்க் காபித்தூள் அரைக் கிலோ தனியாக அனுப்புகிறேன், சிக்கரி கலக்காதது. உன் வீட்டுக்காரர் முழங்கால் எப்படி இருக்கிறது? மாம்பழ நாளில் வா, குண்டு மாம்பழம் வந்துவிடும், நானும் அதற்குள் வாக்கரைப் பரணில் போட்டுவிடுவேன். வரும்போது உன் அறிக்கையையும் எடுத்து வா. இரண்டு ஈமெயிலுக்கும்.

உன்,
கற்பகம்

பி.கு.: அம்பயர் இதைப் படித்துவிட்டார். முப்பத்தைந்து இல்லை, நாற்பத்திரண்டு என்று மறுகூட்டலுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.