எங்களை நெப்டியூன் வரை நடக்க விட்டவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், கண்மாய்க் கரையில் எங்களுக்காக ஆட்டை ஓரமாக ஓட்டிப் போனவர்களுக்கும் வணக்கம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். யாராவது விட்டுப்போய்விடுவார்களோ என்று பயந்து இங்கே எழுதுகிறேன்.

இல்லம் தேடிக் கல்வியில் நான் தன்னார்வலராகச் சேர்ந்தபோது, சாயங்காலம் 5 மணிக்குப் பாய் விரிப்பது, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை உட்கார வைப்பது, 7 மணிக்குப் பாயைச் சுருட்டுவது, இவ்வளவுதான் என் திட்டம். கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்கத்தான் 2021 அக்டோபரில் அரசு இதைத் தொடங்கியது, சரி. ஆனால் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளையை மறுபடி உட்காரச் சொன்னால் என்ன ஆகும்? மூன்றாவது வாரமே கொட்டாவி, நாலாவது வாரம் பாதிப் பேர் கபடிக்குப் போய்விட்டார்கள்.

அறிவியல், கணக்குச் சோதனைகளைச் செய்து காட்ட வானவில் மன்றக் கருத்தாளராகப் பள்ளிக்கு வந்த அக்காவிடம் புலம்பினேன். "அப்போ கபடியையே பாடமாக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் நன்றி அவருக்கு.

ரேஷன் கடை முன்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்தில் சாக்பீஸால் எண்கோடு போட்டோம், −10 முதல் 10 வரை. கூட்டல் என்றால் பெரிய எண் பக்கம் பார், கழித்தல் என்றால் சின்ன எண் பக்கம் திரும்பு, மிகை எண் என்றால் முன்னால் நட, குறை எண் என்றால் பின்னாலேயே நட. மூன்றில் நின்று மைனஸ் இரண்டைக் கழிக்கச் சொன்னால், பிள்ளை திரும்பி, பின்னாலேயே இரண்டு அடி வைத்து ஐந்தில் போய் நிற்கும். "மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்" என்று நான் பத்து வருஷம் மனப்பாடமாகச் சொன்னது ஏன் என்று எனக்கே அன்றைக்குத்தான் பிடிபட்டது. கோட்டை அழிக்காமல் அரிசி மூட்டையைச் சுற்றி எடுத்துப் போன கடைக்காரருக்கு எப்படி நன்றி சொல்வது!

"படிக்க அனுப்பினா குதிக்க விடுறீங்களே" என்று கேட்ட அப்பாவுக்கும் நன்றி, நிஜமாகத்தான். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால்தான் ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு கணக்கு வைக்கப் பழகினேன். கிராம சுகாதார செவிலியர் அக்கா வந்து நாடி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்: 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கு. ஓடுவதற்கு முன்னால், ஓடிய உடனே, அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு தரம். நாடி ஏறி இறங்குவதைச் சுவரில் வரைந்த வரைபடத்தை அந்த அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

கொத்தனார் அண்ணனைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 30 மீட்டர் டேப் கேட்கத்தான் போனேன். கயிற்றோடு வந்து, மூன்று பிள்ளைகளை மூன்று முனையில் நிறுத்தி, மூன்று அடி, நான்கு அடி, ஐந்து அடி என்று இழுத்துப் பிடிக்கச் சொன்னார். மூலை கச்சிதமாகச் செங்கோணம். "அஸ்திவாரத்துக்கு மூலை பார்க்கிறது இப்படித்தான்" என்றார். பிதாகரஸ் பெயர் அவருக்குத் தெரியாது, எட்டாம் வகுப்புக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். ஆறடி, எட்டடி, பத்தடி வைத்தாலும் வருமா என்று ஒரு பயல் கேட்க, இழுத்துப் பார்த்தார்கள். வந்தது.

அந்த டேப்பை வைத்துத்தான் கண்மாய்க் கரையில் சூரியக் குடும்பம் போட்டோம். ஒரு சென்டிமீட்டர் ஒரு லட்சம் கிலோமீட்டர். 14 சென்டிமீட்டர் தேங்காய்தான் சூரியன். 15 மீட்டர் தள்ளிப் பூமி, ஒரு கடுகு. 78 மீட்டரில் வியாழன், சுண்டைக்காய். நெப்டியூன் மிளகு, அது 450 மீட்டர். டேப்பைப் பதினைந்து தரம் போட வேண்டும். பக்கத்து நட்சத்திரம் எங்கே என்று கேட்டார்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர், கன்னியாகுமரியில் ரயில் ஏறி ஜம்முவையும் தாண்டிப் போக வேண்டும். நெப்டியூன் முனையில் நின்ற பையன் அங்கே இருந்த பெயிண்ட் டப்பாவைக் குச்சியால் தட்டினான். குச்சி விழுவது முதலில் தெரிந்தது, சத்தம் ஒரு விநாடிக்கு மேல் கழித்து வந்தது. (தேங்காய் அன்று ராத்திரி சட்னி.)

இதில் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருக்கவே மாட்டார்கள். பெரியமனுஷி ஆன பிறகு என்ன ஓட்டம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மேலத்தெரு அப்பத்தாதான் போய்ப் பேசினார், "நான் கூடப் போறேன், புள்ளைக ஓடட்டும்." அன்றிலிருந்து தினம் வெற்றிலைப் பையோடு கரையில் உட்கார்ந்திருப்பார். நெப்டியூன் வரை முதலில் ஓடியது அந்த இரண்டு பேரில் ஒருத்திதான். அப்பத்தா, உங்களுக்கு இதைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

கொத்தனார் அண்ணே, டேப் 12 மீட்டருக்கு அப்புறம் சுருள மாட்டேன் என்கிறது, மண் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சரிபண்ணிக் கொண்டுவந்து தருகிறேன், கோபப்படாதீங்க.