தோல்வியே அறியாதவரா கர்ப்பால்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மறைந்த மலேசிய எதிர்க்கட்சி அரசியல்வாதி கர்ப்பால் சிங் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, என் கண்ணாடி பவர்தான் ஏறிவிட்டதோ என்ற சந்தேகத்தில். '1978இல் ஜெலுத்தோங்கில் தேர்தல் களம் கண்ட நாள் முதல் தோல்வியே அறியாதவர்' என்று போட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாததா? அவர் முதலில் ஜெயித்தது 1974இல், கெடா மாநிலச் சட்டமன்றத்துக்கு, அலோர்ஸ்டாரில். 1999இல் இதே ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதி அவரைத் தோற்கடித்தது. நான் இந்தத் தொகுதி ஆள். அன்றிரவு கோப்பிக்கடையில் முடிவு வந்ததும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கோப்பியில் ஆடை படிந்ததுதான் மிச்சம். புக்கிட் குளுகோர் தொகுதியில் 2004இல் ஜெயித்து வந்தார். அடுத்த வருடமே விபத்து. சக்கர நாற்காலியில் இருந்தபடியே 2008, 2013 தேர்தல்களிலும் நின்று ஜெயித்தார். 2014 ஏப்ரலில் அவர் இறந்தபோது, டேவான் ஸ்ரீ பினாங் மண்டபத்தில் அவர் முகம் பார்க்க நானும் வரிசையில் நின்றவன். தோற்றதை மறைத்தால் அவர் பெருமை கூடிவிடுமா என்ன?

கெடா வெற்றி விடுபட்டதில் ஆச்சரியமில்லை; சட்டமன்றம் என்றாலே உங்கள் பத்திரிகைக்கு ஏனோ இளக்காரம். நாடாளுமன்றத்தில் யாராவது தும்மினால் முதல் பக்கம். நாற்பது பேர் உட்காரும் நம் பினாங்கு சட்டமன்றம் கூடினால், ராசிபலனுக்குக் கீழே நாலு வரி. எங்கள் வட்டாரக் கோயில் நிலத்துக்காக அந்தக் காலத்தில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரிடம்தான் முதலில் ஓடினோம். மூன்று வருடம் அலைய விட்ட பிறகு, "நிலம் மாநில விவகாரம், அங்கே போய்க் கேளுங்க ஐயா" என்றார் அந்த மகராசன். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நிலம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் ஒரு தடவை விளக்கி எழுதியிருந்தால், எங்கள் கோயில் தலைவர் அந்த மூன்று வருடம் மோட்டார் சைக்கிளில் வெயில் குடித்திருக்க மாட்டார். இதைப் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களும் உங்கள் குப்பைக்கூடைக்கு நல்ல உரமாகியிருக்கும். நடிகை நாய்க்குட்டி வாங்கிய செய்திக்கு மட்டும் எப்படியோ அரைப் பக்கம் கிடைத்துவிடுகிறது. சரி, அது உங்கள் பாடு.

இருபத்தாறு வருடமாகக் காசு கொடுத்து வாங்கும் வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு இரண்டே வரி திருத்தம் போடுங்கள்: 1974 கெடா, 1999 தோல்வி. அவ்வளவுதான். கட்டுரையை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவிட்டேன். கீழே இரண்டு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறேன். அதற்குள் அடங்குகிற மாதிரி போட்டால் நல்லது.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
ஜெலுத்தோங், பினாங்கு