கன்னத்தில் பருவா? கைப்பேசியையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பிள்ளைகள் முகப்பருவுக்கு இணையத்தில் க்ரீம் க்ரீமாக வாங்கித் தடவுகிறார்கள், ஆனால் பரு ஏன் ஒரு பக்கக் கன்னத்திலும் தாடை ஓரத்திலும் மட்டும் வருகிறது என்று யோசிப்பதில்லை. பல பேருக்கு அந்தப் பக்கம்தான் ஃபோனை வைத்துப் பேசும் பக்கம்.

பினாங்கு புழுக்கத்தில், கொம்தார் பேருந்து நிலையத்தில் நின்றபடி ஃபோனைக் கன்னத்தோடு அழுத்திப் பேசிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சூடு, அழுத்தம், உரசல், வியர்வை எல்லாம் சேர்ந்து தோலின் துவாரங்களை அடைக்கும். ஹெல்மெட் பட்டையாலும் முகக்கவசத்தாலும் வருகிற பருவும் இதே வகைதான். எல்லாப் பருவுக்கும் ஃபோன்தான் காரணம் என்று சொல்லவில்லை, ஹார்மோன், பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்த ஒன்றைச் சரிசெய்யக் காசே வேண்டாமே!

வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளில் பாருங்கள். வலது கையில் சோறு, இடது கையில் ஃபோன், அது வைக்கப்படுவது ஈரத் துணியால் துடைத்த அதே மேசையில். அப்புறம் கியூஆர் காட்டிப் பணம் கட்டிவிட்டு, கையை மட்டும் கழுவிவிட்டு, அதே ஃபோனைக் கன்னத்தில் வைக்கிறோம். உறையைக் கழற்றினால் ஓரத்தில் பவுடரும் வியர்வையும் அப்பிய கறுப்புக் கோடு தெரியும். அதைப் பார்த்தபின் எனக்கு அருவருப்பாகிவிட்டது.

ஃபோனை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் உள்ள ஈரத்தாளால் மெதுவாகத் துடைத்தால் போதும். திரையில் நேரடியாக எதையும் தெளிக்க வேண்டாம், ப்ளீச் கூடவே கூடாது. சிலிக்கோன் உறையைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். நீண்ட நேரம் பேச இயர்ஃபோன் நல்லது, அதையும் துடைக்க வேண்டும். உலோக உறை படும் இடத்தில் அரிப்போ தடிப்போ வந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

க்ரீம் விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். பாதரசம், ஹைட்ரோகுவினோன் என்ற தோல் வெளுக்கும் மருந்து, பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்த முகப்பூச்சுகளைப் பற்றி மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ பலமுறை எச்சரித்திருக்கிறது, இருந்தும் விற்பனை நின்றபாடில்லை. உங்கள் ஞாயிறு பதிப்பில் தோல் மருத்துவர் ஒருவரைக் கேட்டு இதைப் பற்றி விரிவாக எழுதுங்கள், பெற்றோர்கள் கட்டாயம் படிப்பார்கள்.

அக்கறையுள்ள வாசகி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு