நெடர்லாண்ட் காட்டில் கூடாரம் போடும் தமிழ் நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அமெரிக்காவின் கொலராடோவில் டென்வர், போல்டர் பக்கமிருந்து வண்டியில் டென்டைப் போட்டுக்கொண்டு நெடர்லாண்ட் மலைக்கு ஏறும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நானும் அப்படிப் போகிறவன்தான். தேசிய வனத்தின் மண்சாலையோரம் காசில்லாமல் தங்கலாம் என்பதை ஒருவர் சொல்லி ஒருவராகத் தெரிந்துகொண்டோம். அங்கே கழிப்பறை கிடையாது, குழாய் கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது. நாம் கொண்டுபோவதை நாமே திரும்பக் கொண்டுவருவோம் என்று நம்பித்தான் அந்த இடத்தை நமக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

போன கோடையில் நான் போய் இறங்கிய இடத்தில், நெருப்பு மூட்டும் கல்வட்டத்துக்குள் பாதி எரிந்த அலுமினியத் தாளும் தேங்காய்ச் சிரட்டையும் முறுக்குப் பாக்கெட்டும் கிடந்தன. பத்தடி தள்ளி மரங்களுக்குப் பின்னால் போனால் எங்கு பார்த்தாலும் வெள்ளையாக டிஷ்யூ. பாக்கெட்டில் இருந்தது தமிழ் எழுத்து. அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

வேண்டுமென்று யாரும் செய்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் வாழையிலையை எருக்குழியில் போட்டால் ஒரு மழைக்காலத்தில் மண்ணாகிவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் மேலே போகிறோம். 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது என்று நமக்குத் தெரியும்; அதற்கென்று குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறோம். காலுக்குக் கீழே இருக்கும் மண்ணும் வேறு மாதிரிதான். மெல்லிய மண், வறண்ட காற்று, வருஷத்தில் பாதிக்கு மேல் பனி. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை செய்யக் கிடைப்பது கொஞ்ச காலம்தான். ஆரஞ்சுத் தோலும் டிஷ்யூவும் அடுத்த கோடையிலும் அங்கேயே கிடக்கும்.

இன்னும் மேலே, ஏறக்குறைய 11,000 அடிக்கு மேல் மரமே கிடையாது. நெடர்லாண்டுக்கு மேற்கே 1978-ல் இந்தியன் பீக்ஸ் வனக்காப்பிடமாக (wilderness) அறிவித்த நிலத்தில் நிறைய இடம் இப்படிப்பட்ட உயர்மலை வெளிதான். செடிகள் காற்றுக்குப் பயந்து தரையோடு ஒட்டி வளரும், பலவும் சில அங்குல உயரம்தான் இருக்கும். ஒரே தடத்தில் ஆட்கள் திரும்பத் திரும்ப நடந்தால் விழும் வழுக்கை மறையப் பல பத்தாண்டுகள் ஆகும். குழந்தைகளோடு போகும்போது இதைக் கொஞ்சம் சொல்லிக் கூட்டிப்போங்கள். பாறை மேல் கால் வைத்துப் போவது அவர்களுக்கு விளையாட்டாகவே இருக்கும்.

தண்ணீர் விஷயம் இதைவிடப் பெரிது. மலைப்பாதை தொடங்கும் ஹெஸ்ஸி பக்கம் நாம் கால் நனைக்கும் மிடில் போல்டர் ஓடை நேராக நெடர்லாண்டின் பார்க்கர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. போல்டர் நகரத்தின் குடிநீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஓடைக்கரையில் பாத்திரம் கழுவுகிறவர்கள் இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். கழுவுவதோ ஒதுங்குவதோ, ஓடையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் எழுபது தப்படி, தள்ளிப் போங்கள். ஒதுங்க ஆறிலிருந்து எட்டு அங்குலம் தோண்டி மூடுங்கள். டிஷ்யூவைப் புதைக்காதீர்கள், ஜிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மரங்களுக்கு மேலே போனால் எல்லாவற்றையுமே அதற்கென்று விற்கும் பையில் கட்டிக்கொண்டு இறங்குவதுதான் சரி. அருவருப்பாக இருக்கும், தெரியும். இரண்டாவது தடவை பழகிவிடும்.

அப்புறம் நெருப்பு. 2016 ஜூலையில் நெடர்லாண்டுக்குப் பக்கத்திலேயே கோல்ட் ஸ்பிரிங்ஸ் தீ பிடித்தது. வெளி மாநிலத்திலிருந்து வந்து கூடாரம் போட்டவர்கள், மூட்டிய நெருப்பைச் சரியாக அணைக்காமல் போனதுதான் காரணம். 528 ஏக்கர் எரிந்தது, எட்டு வீடுகள் போயின, ஏறக்குறைய 2,000 பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. கல்லைப் போட்டு மூடினால் நெருப்பு சாகாது. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலில் வெறுங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் கையில் இல்லையென்றால் மூட்டாதீர்கள். வனத்துறையின் முதல் நிலைத் தீத்தடை (Stage 1) வந்துவிட்டாலே சாலையோர இடங்களில் விறகு நெருப்பு கூடாது. இந்தியன் பீக்ஸ் வனக்காப்பிடத்துக்குள், ஆறுகளைக் கிழக்கும் மேற்குமாகப் பிரிக்கும் மலைமுகட்டுக்குக் கிழக்கே எப்போதுமே கூடாது. கிளம்புவதற்கு முன் தடை இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.

மீதி பிரியாணியைக் காட்டில் கொட்டுவதையும் நிறுத்துவோம். அந்த மணத்துக்குப் பழகும் கரடி ஆட்கள் இருக்கும் இடத்தைத் தேடி வர ஆரம்பிக்கும், கடைசியில் அதைச் சுட்டுக் கொல்லும்படி ஆகிவிடும்.

பிரெய்னார்ட் ஏரிக்கு மேலே உள்ள நான்கு ஏரிப் பகுதியில் கோடை முழுக்க இரவு தங்கவே முடியாது. நெடர்லாண்டுக்குப் பக்கத்தில் உள்ள கோர்டன் கல்ச்சில் எண் போட்ட இடங்களில் மட்டும்தான் தங்கலாம். நாம் வழக்கமாகப் போகும் மண்சாலையின் முனையிலும் ஒருநாள் கம்பிக்கதவு வந்து நிற்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என் பெண் முதல்முதலாகப் பால்வீதியைப் பார்த்தது அந்தச் சாலையோரத்தில்தான்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய், கல்வட்டங்களில் கிடப்பதை அள்ளிக்கொண்டு வரலாம் என்றிருக்கிறேன். கையுறையும் பெரிய பைகளும் நான் கொண்டுவருகிறேன். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கேன் தண்ணீர் மட்டும் எடுத்துவாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்