பத்தடிக் கரை

ஸ்டாக்போர்ட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சங்கரா,

படங்கள் வந்து சேர்ந்தன. உங்கள் ஸ்காட்லாந்தின் லாக் டே ஏரியில் நீ படகில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற படத்தை வீட்டில் எல்லாரிடமும் காட்டினேன். "சங்கர் மாமா ராஜா மாதிரி இருக்காரே" என்றாள் சின்னவள். ராஜாதான். "காரை ஓரமாக நிறுத்தினேன், படகை இறக்கினேன், போனேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய் பார், அதைப் படித்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். யாரிடமும் கேட்கவில்லையா நீ?

நான் பழைய மிர்ரர் படகு ஒன்று வாங்கியதைச் சொன்னேன் அல்லவா? பதினோரு அடிக்குக் கொஞ்சம் குறைவு, சிவப்புப் பாய். 1963இல் ஒரு செய்தித்தாள் தன் பெயரையே வைத்து, வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று மக்களிடம் கொண்டுபோன படகு இது. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் நாடா ஒட்டிப் பிசின் பூசினால் படகு தயார். நம் ஊர்ப் பக்கம் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்கிற மசூலாப் படகு இருந்ததே, அதுதான் ஞாபகம் வந்தது. அதுவரை காசுள்ளவர்கள் மட்டும் ஓட்டிய பாய்ப்படகை வாத்தியார்களும் தபால்காரர்களும் கார் கொட்டகையில் செய்து முடித்தார்கள். எழுபதாயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். வெறும் உடல் 45 கிலோதான், இரண்டு பேர் தூக்கிக் கார்மேல் வைத்துவிடலாம். படகை எளியவன் கைக்கு எட்டவைத்து அறுபது வருஷம் ஆகிறது. அதை இறக்கக் கரைதான் இன்னும் எட்டவில்லை.

வீட்டிலிருந்து கால்மணி நேரத்தில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம். வேலை முடிந்து சாயங்காலம் இரண்டு மணி நேரம் பாய் விரித்தால் போதும் என்பதுதான் என் ஆசை. போய்ப் பார்த்தால் வேலி, வேலியில் ஆறு பலகை. ஆழம், குளிர், இறங்காதே, இன்னபிற. மீன் பிடிப்பது ஒரு சங்கத்துக்குக் குத்தகை. படகோட்டுவது இன்னொரு சங்கத்துக்கு. அங்கே ஒரு பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். உறுப்பினராகச் சேரலாம், ஆனால் படகு நிறுத்த இடமில்லை, வரிசையில் பெயர் எழுதிவைக்கிறோம் என்றார். "எத்தனை நாள் ஆகும்?" என்றேன். சிரித்தார். அவ்வளவுதான். நான் திரும்பும்போது தண்ணீரில் ஒரு வாத்துக்கூட இல்லை, நல்ல காற்று வேறு.

அப்புறம்தான் எங்கே நடக்கலாம், எங்கே படகு விடலாம் என்கிற சட்டத்தைக் கொஞ்சம் புரட்டினேன். கிண்டர் ஸ்கௌட் மலை எங்களுக்குப் பக்கம்தான். 1932இல் நூற்றுக்கணக்கானோர், நடக்கக்கூடாது என்ற தடையை மீறி அதில் ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அந்த வழியில் வந்ததுதான் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2000ஆம் வருஷச் சட்டம். வரைபடத்தில் குறித்த மலை, மேட்டுநிலம், பொட்டல் எல்லாவற்றிலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நல்ல சட்டம்தான், நானே அதன் புண்ணியத்தில் எத்தனை ஞாயிறு நடந்திருக்கிறேன். ஆனால் அதன் பின்னிணைப்பில், அந்த உரிமையைக் கொண்டு என்னென்ன செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கடலின் ஏற்றவற்றம் எட்டாத நீரில் படகு விடக்கூடாது, குளிக்கவும் கூடாது. ஆகக் கரை வரைக்கும் நடக்கலாம், கால் நனையக்கூடாது! ஆற்றிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் யாரும் கேள்வி கேட்க முடியாத படகுரிமை ஆறுகளின் நீளத்தில் நூற்றுக்கு நாலு பங்குக்குத்தான் என்று துடுப்புப் படகுக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். நடக்கிறவர்களுக்காகச் சிறைக்குப் போக ஐந்து பேர் இருந்தார்கள். படகுக்காரன் சங்கத்தில் சேர்ந்துவிட்டான்.

உங்கள் ஸ்காட்லாந்தில் 2003 சட்டம் நிலத்தையும் உள்நாட்டு நீரையும் பிரிக்கவே இல்லை. மோட்டார் கூடாது, பொறுப்பாக நடந்துகொள், போ. இரண்டுக்கும் மூன்று வருஷம்தான் இடைவெளி, அதுவும் ஒரே தீவில்.

நேற்று கடைசியில் விண்டர்மியர் ஏரிக்குப் போனேன். வண்டியில் படகை இழுத்துக்கொண்டு போக வர நாலு மணி நேரம். அங்கே எல்லாருக்கும் படகுரிமை உண்டு. கோனிஸ்டன், அல்ஸ்வாட்டர், டெர்வென்ட்வாட்டர் ஏரிகளிலும் அப்படித்தான். 2005இல் வேகக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து மோட்டார் படகுகளின் ஆட்டமும் அடங்கிவிட்டது. தண்ணீர் இலவசம். ஆனால் கரையைச் சுற்றிப் பெரும்பாலும் வீடும் விடுதியும் தனியார் படகுத்துறையும். சாய்தளத்தில் இறக்கக் காசு, வண்டி நிறுத்தக் காசு. ஏரி பதினேழு கிலோமீட்டர் நீளம், எனக்குத் தேவை பத்தடிக் கரை. அந்தப் பத்தடிக்குத்தான் இவ்வளவு பாடு. ஆனாலும் சொல்கிறேன், சிவப்புப் பாயில் காற்று ஏறியதும் கொடுத்த காசெல்லாம் மறந்துவிட்டது. சின்னவள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள்.

தடுக்கிறவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று எழுதிவிட்டால் நீ சும்மா இருக்கமாட்டாய். குளிர்நீரில் சட்டென்று விழுந்தால் மூச்சு திணறும், நீச்சல் தெரிந்தவனே போய்விடுவான், அது நிஜம். 2010இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் வெளியூர் இறால் மாதிரி ஒரு பூச்சியைக் கண்டுபிடித்தார்கள், அது உள்ளூர்ச் சின்ன உயிர்களைக் கொன்றே தீர்க்கும். ஈரப் படகும் ஈர உடையும் அதை ஏரிக்கு ஏரி கொண்டுபோகும். அதனால் படகைப் பார், கழுவு, காயவை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன், செய்யவும் செய்கிறேன். கழுவக் குழாய் வை, ஐந்து பவுண்டு வாங்கு, தருகிறேன். பூட்டு எதற்கு? சங்க உறுப்பினரின் படகில் மட்டும் அந்தப் பூச்சி ஏறாதா?

இதை எழுதும்போது நம் ஊர்க் குளம் நினைவுக்கு வந்தது. யாரிடமும் கேட்காமல் மதகிலிருந்து குதிப்போமே என்று எழுத ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். நீயும் நானும் கேட்காமல் குதித்தோம். கீழத்தெரு மாரி எந்தப் பக்கம் இறங்கினான் என்று யோசித்துப் பார். அவனுக்குத் தனித் துறை இருந்தது. நமக்கு அது அப்போது கண்ணில் படவே இல்லை. அந்த வாத்து இல்லாத நீர்த்தேக்கத்தில் சிரித்த பெரியவருக்கும் வேலி கண்ணில் பட்டிருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் இரண்டாவது வாரம் நாலு நாள் லீவு போட்டிருக்கிறேன். படகோடு அங்கே வரலாமா? வீட்டில் தொந்தரவு இல்லையென்றால் உன் கார் கொட்டகை போதும் எனக்கு. கிளம்புவதற்கு முன்னால் படகைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைக்கிறேன். வெயில் அடித்தால், அதாவது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, அதை எழுதவே மறந்துவிட்டாய். நீ நிறுத்திய அந்த ஓரம் எது என்று வரைபடத்தில் குறித்து அனுப்பு.

அன்புடன்,
ராமு