‘சுடாதே’ என்று சொன்னவருக்கு எந்தப் பதக்கம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆபரேஷன் சிந்தூருக்காக 2025 சுதந்திர தினத்தை ஒட்டி அறிவிக்கப்பட்ட விருதுகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியை, ஆறாவது படிக்கும் என் பேத்தி வாசிக்க, நான் கேட்டேன். ஏழு பேருக்கு சர்வோத்தம் யுத்த சேவா பதக்கம் என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, இவங்க ஏழு பேரும் எத்தனை பேரைச் சுட்டாங்க?"

அவள் மேல் தப்பில்லை. செய்தியின் தலைப்பிலேயே அதை ‘வீரதீரப் பதக்கம்’ என்று போட்டிருந்தீர்கள். பீரங்கிப் படையில் 22 வருடம் இருந்தவன் என்பதால் இதைத் திருத்தாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

வீரதீரத்துக்கு உள்ளவை பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம். எதிரிக்கு முன்னால் நின்று காட்டிய துணிச்சலுக்கு அவை. யுத்த சேவா வரிசை வேறு. 1980 ஜூன் 26-இல் ஏற்படுத்தியது. போர்க் காலத்தில் படையை நடத்திய விதத்துக்காகக் கொடுப்பது. சர்வோத்தம், உத்தம், யுத்த சேவா என்று மூன்று படி. மேல்படியில் இருப்பது அத்தனை லேசில் கிடைக்காது. கார்கில் போருக்காக அதை வாங்கியவர் விமானப் படையின் மேற்குப் பிரிவை நடத்திய ஏர் மார்ஷல் வினோத் பட்னி.

"சுடாமலே பதக்கமா?" என்றாள் பேத்தி. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

1999 ஜூன், கார்கில் போர், திராஸ். நான் ஹவில்தார், ஒரு பொஃபர்ஸ் பீரங்கிக்கு நம்பர் ஒன், அதாவது அந்தப் பீரங்கிக் குழுவுக்குத் தலைவன். எங்கள் பேட்டரி (பல பீரங்கிகள் சேர்ந்த பிரிவு) கமாண்டர் மேலே காலாட்படையோடு இருந்தார். அவர் கண்ணால் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்வார், கீழே நாங்கள் சுடுவோம். (ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் டவுன் முழுக்கப் பாய் விரித்த மாதிரி தெரியுமே, அப்படி ஓர் இடத்தில் அவர். மலைக்கு அந்தப் பக்கம், ஒன்றும் தெரியாத பள்ளத்தில் நாங்கள்.) அன்று ராத்திரி இலக்கு வந்தது, கணக்குப் போட்டாயிற்று, குண்டும் ஏற்றியாயிற்று. "ரெடி" சொன்னேன். உடனே வயர்லெஸ்ஸில் அவர் குரல்: "ஸ்டாப்."

முன்னால் ஏறிப் போன நம் காலாட்படையின் சிறு பிரிவு, ஒரு பிளாட்டூன், அதனிடமிருந்து பதில் இல்லை என்றார். நாங்கள் காத்திருந்தோம். குளிரில் விரல் மரத்துப் போயிருந்தது. எதிரி கையை வீசிக்கொண்டு தப்பித்துப் போகிறானே என்று எங்கள் பையன்கள் பல்லைக் கடித்தார்கள். மேலே அவர் பக்கத்திலும் சுடச் சொல்லி நெருக்கியவர்கள் இருந்தார்களாம், பின்னால் கேள்விப்பட்டோம். மனிதர் அசையவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து அந்த பிளாட்டூன் லைனில் வந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே அவர்கள் ஏறி முடித்திருந்தார்கள். மறுநாள் காலை கன் பொசிஷன் ஆபீசர் மேப்பை விரித்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நாங்கள் சுடவிருந்த இடத்துக்கு ஒரு பென்சில் புள்ளி, அவர்கள் படுத்திருந்த இடத்துக்கு ஒரு பென்சில் புள்ளி. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

அந்த பேட்டரி கமாண்டருக்குப் பதக்கம் எதுவும் வரவில்லை. ‘சுடாதே’ என்று சொன்னதற்கு எந்தப் பதக்கம் கொடுப்பார்கள்? ஆனால் தலைமை என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அதையே ஆயிரக்கணக்கான பேரை வைத்துக்கொண்டு, நாள் கணக்கில் செய்பவரை நினைத்துப் பாருங்கள். அதே கார்கிலில் எட்டாவது மலை டிவிஷனின் பீரங்கிப் பிரிகேடை நடத்திய பிரிகேடியர் லக்விந்தர் சிங்குக்கு யுத்த சேவா பதக்கம் கிடைத்தபோது, பீரங்கிப் படையின் கன்னர்கள் எல்லோரும் எங்களுக்கே கிடைத்ததாகத்தான் நினைத்தோம்.

1980 வரை சுதந்திர இந்தியாவில் இதற்கென்று தனிப் பதக்கம் கிடையாது. 1971 போருக்குப் பிறகு அப்போதைய ராணுவத் தலைமைத் தளபதி மானெக் ஷாவுக்கு பத்ம விபூஷண் கொடுத்தார்கள், கிழக்குப் பகுதிப் படையை நடத்திய அரோராவுக்கு பத்ம பூஷண். பெரிய விருதுகள்தான். ஆனாலும் அவை கலைக்கும் கல்விக்கும் பொதுவானவை. போரை நடத்தியதற்காகவே ஒன்று வேண்டும் என்பது என் எண்ணம். வெள்ளைக்காரன் காலத்தில் டி.எஸ்.ஓ. (டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் ஆர்டர்) என்ற விருது இருந்தது. 1886-இல் விக்டோரியா ராணி ஏற்படுத்தியது. முதல் உலகப் போரில் அது போர்முனைக்கே போகாத ஆபீசர்களுக்கும் போக, முனையில் நின்றவர்கள் கொதித்தார்கள். 1917-இல், எதிரியின் குண்டுவீச்சுக்கு உட்பட்டுப் பணி செய்தவர்களுக்கே என்று கட்டுப்படுத்தினார்கள். 1945-இல் பர்மாவின் கங்காவ் என்ற இடத்தில் ஒரே பிரிகேடின் மூன்று பட்டாலியன்களை நடத்திய திம்மையா, தோரட், சென் மூவருக்கும் அது கிடைத்தது. மூவரும் நம்மவர்கள்.

அதே டி.எஸ்.ஓ.வை அவர்களுக்கு முன்பே வாங்கிய ஒருவர் நம் சேலம் ஜில்லாக்காரர். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

ஸ்டீல் பிளாண்ட் ரோட்டில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு மோகன் குமாரமங்கலம் பெயர். சேலத்தில் அந்தப் பெயரைச் சொல்லாமல் ஒரு நாள் போகாது. அவருடைய அண்ணன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பம், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த சுப்பராயனின் மகன். அந்த ஊர் இப்போது நாமக்கல் மாவட்டம், ஆனால் 1997-இல் பிரிக்கும் வரை சேலம்தான். 1942 மே 27, லிபியா பாலைவனம், பிர் ஹக்கைம் பக்கம். இரண்டாவது இந்திய ஃபீல்டு ரெஜிமென்டில் ஒரு பேட்டரிக்கு அவர் தலைவர். விடிந்ததும் இத்தாலிய டாங்கிப் படை நேராக வந்து விழுந்தது. 25 பவுண்டர் பீரங்கி தூரத்தில் இருக்கும் இலக்கைச் சுடுவதற்குச் செய்தது. அதன் குழாயைத் தாழ்த்தி, கண்ணுக்கு முன்னால் வரும் டாங்கியை நேருக்கு நேர் சுட வேண்டும் என்றால் என்ன என்பது கன்னருக்குத்தான் தெரியும். கையில் நடுக்கம் வந்தால் முடிந்தது. பையன்கள் பீரங்கியை விட்டு ஓடாமல் இருப்பது பின்னால் நிற்பவரின் குரலில்தான் இருக்கிறது. அன்று அவர் இருந்த பிரிகேட் தோற்றது. ஆனாலும் அந்தச் சண்டைக்காகத்தான் அவருக்கு டி.எஸ்.ஓ. அப்புறம் எதிரியிடம் பிடிபட்டு, இத்தாலியில் சிறையிலிருந்து தப்பி, மறுபடி பிடிபட்டு, ஜெர்மனியில் போர்க் கைதியாகக் கிடந்தார். 1966-இல் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். 1969 வரை இருந்தார்.

ஒரு மாதமாகப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ராணுவக் கேண்டீன் வரிசையில், டீக்கடையில், பேத்தியைப் பள்ளியில் விடும்போது. நம் ஜில்லாக்காரர் ஒருவர் இந்திய ராணுவத்துக்கே தலைவராக இருந்தார், தெரியுமா என்று. நம்ம ஊரா என்று ஆச்சரியப்பட்டார்கள். கேண்டீன் வரிசையில் நின்ற முன்னாள் ராணுவத்தினரிலேயே தெரிந்தவர்கள் இரண்டே பேர். எனக்குச் சங்கடமாக இருந்தது.

தங்களிடம் கேட்பது இரண்டு. யுத்த சேவா பதக்கங்களை இனி ‘போர்த் தலைமைக்கான பதக்கம்’ என்று எழுதுங்கள். ஜனவரி 15 ராணுவ தினம், பொங்கல் சமயத்தில் வருகிறது. அன்று சேலம் பதிப்பில் ஜெனரல் குமாரமங்கலத்துக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். வண்ணத்தில் போட்டால் டி.எஸ்.ஓ. ரிப்பனின் நிறம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: நடுவில் அடர் சிவப்பு, இரண்டு ஓரமும் நீலம். வெட்டி ஒட்டுவதற்குப் பேத்தி இப்போதே ஒரு நோட்டை எடுத்து வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நாயப் சுபேதார், பீரங்கிப் படை,
அயோத்தியாப்பட்டணம், சேலம்.